பச்சைப் பட்டை மட்டுமா நம்முடையது?

ஆகஸ்டுத் திங்கள் பிறந்துவிட்டால் தாம்பரம் கடைவீதிக்குத் தனிக்களை வந்துவிடும். இரயில் நிலையத்தின் நடைமேம்பாலப் படிகளருகே, சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னஞ்சிறு கொடிகளை அட்டையில் வரிசை வரிசையாகச் செருகி விற்றுக்கொண்டிருப்பார்கள். காகிதக் கொடிகளைச் சணல் நூலில் ஒட்டித் தோரணமாகச் சுருட்டி வைத்திருப்பார்கள். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு ஒத்திகை நடக்கும். குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், வண்டலூர் என்று எந்தப் பக்கம் போனாலும் இதே காட்சிதான்.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு மாலையில், நம்மிடம் மக்தபில் ஓத வரும் ஒரு சிறுவன் ஓதும் பலகையை விரிக்காமலே உட்கார்ந்திருந்தான். என்னவென்று கேட்டோம். "ஹஜ்ரத், ஸ்கூல்ல கொடி மாதிரி நிக்கிறதுக்கு என்னைப் பச்சை வரிசையில விட்டிருக்காங்க. காவி இந்துக்களுக்கு, வெள்ளை கிறிஸ்தவங்களுக்கு, பச்சை நமக்குன்னு டீச்சர் சொன்னாங்க. அப்ப மேல இருக்கிற ரெண்டும் நம்மளுது இல்லையா?" என்றான்.

"மூன்றும் நம்முடையதுதான், பாடத்தைப் பார்" என்று சொல்லிவிட்டோம். ஆனால் அது கேள்விக்கு விடையாகாது என்பது நமக்கே தெரிந்தது. பத்து வயதுப் பிள்ளை தன் நாட்டுக் கொடியில் மூன்றில் ஒரு பங்குதான் தனக்குரியது என்று நம்பி வளர்ந்தால், நாட்டிலும் அவன் தன்னை அவ்வளவுக்கே உரியவன் என்று எண்ணத் தொடங்குவான். பங்கு என்று ஒன்று வந்துவிட்டால், "உன் பங்கு எங்கே, காட்டு" என்று கேட்பவரும் வந்துவிடுவார். ஆகவே இந்தக் கொடி பிறந்து வளர்ந்த வரலாற்றை நம் இல்லங்களில் உள்ளவர்கள் தெளிவாக அறிந்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் இக்கட்டுரையை எழுதத் துணிகிறோம்.

கொடியும் நம் முன்னோரும்

தமிழருக்குக் கொடி புதிதன்று. சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல் என்று கொடியாலேயே வேந்தரை அறிந்த நாடு இது. அரபு மொழியிலும் கொடிக்கு லிவா, ராயா என்று இரு சொற்கள் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ராயா கறுப்பாகவும் லிவா வெள்ளையாகவும் இருந்தன என்று இமாம் திர்மிதீ (ரஹ்) பதிவு செய்திருக்கிறார்கள்.

பச்சை நிறம் சுவனவாசிகளின் ஆடையாகத் திருமறையில் கூறப்பட்டிருப்பதால் முஸ்லிம்களுக்கு அதன்பால் ஒரு விருப்பம் உண்டாயிற்று. பிறையோ, காலத்தைக் கணக்கிடவும் ஹஜ்ஜின் நாளை அறியவும் மனிதருக்கு அளிக்கப்பட்ட அடையாளமென்று திருமறை கூறுகிறது. அதைக் கொடியில் பொறிக்கும்படி மார்க்கம் எங்கும் ஏவவில்லை. பிறையும் விண்மீனும் இஸ்லாத்துக்கு முற்பட்ட பாரசீக மன்னர்களின் நாணயங்களிலேயே உள்ளன. உதுமானியத் துருக்கியரின் கொடியில் அவை இடம்பெற்று 19-ஆம் நூற்றாண்டில் நிலைபெற்ற பிறகே, உலகம் அவற்றை முஸ்லிம்களின் சின்னமாகப் பார்க்கத் தொடங்கியது. நிறமும் சின்னமும் வழக்கத்தால் வந்தவை. காலத்துக்குக் காலம் மாறக்கூடியவை. இதை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டால் இனி வரும் செய்திகள் எளிதில் விளங்கும்.

மாறாதது ஒன்று உண்டு. கொடியை ஏந்தியவன் அதைக் கீழே விழ விடமாட்டான் என்ற உறுதியே அது. ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு நடந்த மூத்தா போரில் கொடியேந்திய ஸைது இப்னு ஹாரிஸா (ரலி) வீழ்ந்ததும் ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அதை ஏந்தினார்கள். வலக்கை வெட்டுண்டபோது இடக்கைக்கு மாற்றினார்கள். அதுவும் வெட்டுண்டபோது மார்போடு அணைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பின் அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி), அவர்களுக்கும் பின் காலித் இப்னு வலீத் (ரலி). ஜஃபர் தய்யார் என்று நம் பிள்ளைகளுக்குப் பெயரிடும்போது, கொடி காத்த ஒரு வீரரின் பெயரைத்தான் சூட்டுகிறோம்.

பிறை இருந்த கொடிகள்

இனி நம் நாட்டுக் கொடிக்கு வருவோம். இன்றைய கொடியில் பிறை இல்லை. ஆனால் இந்திய விடுதலைக்காக முதன்முதலில் உயர்த்தப்பட்ட கொடிகளில் பிறை இருந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1906-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள், வங்கப் பிரிவினையை எதிர்த்துக் கல்கத்தாவில் ஏற்றப்பட்ட கொடியில் கீழ்ப்பட்டையின் ஒரு பக்கம் சூரியனும் மறுபக்கம் பிறையும் இருந்தன. அடுத்த ஆண்டு ஆகஸ்டு 22 அன்று, செருமனியின் ஸ்டுட்கார்ட் நகரில் கூடிய அனைத்துலகப் பொதுவுடைமையாளர் மாநாட்டில் பிகாஜி காமா அம்மையார் விரித்துக் காட்டிய கொடியிலும் சூரியனும் பிறையும் இருந்தன. காமா அம்மையார் பார்சி சமூகத்தைச் சேர்ந்தவர்.

தமிழுக்கு வந்தால், மகாகவி பாரதியார் தாயின் மணிக்கொடியைப் பாடிய பாடலை அறியாதார் இலர். அப்பாடலில் அவர் தீட்டும் கொடியில் ஒருபுறம் வச்சிராயுதமும் மறுபுறம் இளம்பிறையும் உள்ளன. வச்சிராயுதம் அவர் குருவாகக் கொண்ட நிவேதிதா அம்மையார் வடிவமைத்த கொடியிலும் காணப்படுவது. பிறையைச் சொல்லும் இடத்தில் பாரதியார் முஸ்லிம்களை அயலாராகக் குறிக்கவில்லை. தம்மவர் என்னும் உரிமையோடு அழைக்கிறார். பள்ளிக்கூடங்களில் இப்பாடலைப் பாடும் நம் பிள்ளைகளுக்கு அந்த இடத்தை நின்று விளக்கிச் சொல்லும் ஆசிரியர் அமைந்தால் அது பெரும்பேறு.

மூன்றாவது கொடி நம் தென்சென்னையின் அடையாற்றோடு தொடர்புடையது. அடையாற்றுப் பிரம்மஞான சபையின் தலைவராக விளங்கிய அன்னிபெசன்ட் அம்மையாரும் திலகரும் 1916-இல் தன்னாட்சி இயக்கங்களைத் தொடங்கினர். அவ்வியக்கத்தின் கொடியில் ஐந்து சிவப்புப் பட்டைகளும் நான்கு பச்சைப் பட்டைகளும் மாறி மாறி வந்தன. சப்தரிஷி மண்டலம்போல ஏழு விண்மீன்கள் இருந்தன. ஒரு மூலையில் பிரிட்டிஷ் கொடியின் சிறு வடிவமும் மற்றொரு மூலையில் வெண்பிறையும் விண்மீனும் இருந்தன. 1917-இல் சென்னை அரசு அம்மையாரை உதகமண்டலத்தில் காவலில் வைத்தபோது, அங்கே அவர் தங்கிய இல்லத்திலும் இந்தக் கொடி பறந்தது. காங்கிரசும் முஸ்லிம் லீகும் இலக்னோவில் உடன்பாடு கண்டு கைகோத்திருந்த காலம் அது.

ஆக, 1906 முதல் 1917 வரை பிறை கொடியில் இருந்தது. பின்னர் அது எப்படி அகன்றது? யாரேனும் சினந்து அகற்றினார்களா? இல்லை. பிறையின் இடத்தை நிறம் பிடித்துக்கொண்டது.

பெஜவாடாவில் நடந்த பங்கீடு

மசூலிப்பட்டினத்துக்கு அருகிலுள்ள சிற்றூரில் 1876-இல் பிறந்தவர் பிங்கலி வெங்கய்யா. பல நாட்டுக் கொடிகளை ஆராய்ந்து, இந்தியாவுக்கு ஏற்ற கொடி எது என்று 1916-இல் ஒரு நூலே வெளியிட்டார். 1921-இல் பெஜவாடாவில் காங்கிரசுக் குழு கூடியபோது காந்தியடிகள் அவரை அழைத்து, சிவப்பும் பச்சையுமான கொடியில் இராட்டினத்தை வரைந்து தரும்படி கேட்டார். இராட்டினம் வேண்டும் என்று கருத்துரைத்தவர் ஜலந்தரைச் சேர்ந்த லாலா ஹன்ஸ்ராஜ். மசூலிப்பட்டினமும் பெஜவாடாவும் அன்று சென்னை மாகாணத்து ஊர்கள். ஆதலால் நம் கொடி கருக்கொண்டது பழைய சென்னை மாகாணத்து மண்ணில் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு.

அப்போது சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு என்று பொருள் சொல்லப்பட்டது. மற்றச் சமயத்தாருக்கு என்ன என்ற எண்ணம் எழவே, காந்தியடிகள் வெள்ளையையும் சேர்த்தார். கிலாபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் இணைந்து நடந்த அந்நாளில், இரு பெருஞ்சமூகங்களின் ஒற்றுமையே விடுதலைக்கு அடித்தளம் என்று அவர் நம்பினார். அதைக் கண்ணுக்குப் புலனாகக் காட்டவே நிறங்களைப் பயன்படுத்தினார்.

அந்தக் கொடியின் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. மேலே வெள்ளை, நடுவில் பச்சை, அடியில் சிவப்பு. தொகையில் சிறியவர் மேலே இருக்க, தொகையில் பெரியவர் அடியில் நின்று தாங்கவேண்டும் என்பது அதன் கருத்து. இன்று நம் சிறுவனிடம், "அந்நாளில் பச்சை சிவப்புக்கு மேலே இருந்தது" என்று சொன்னால் வியந்து போவான். ஆனால் அதைச் சொல்லிப் பெருமைப்படுவதும் நம் நோக்கமன்று. மேல் கீழ் என்ற கணக்கு நுழைந்த இடத்தில் மனநிறைவு தங்காது என்பதை அடுத்த பத்தாண்டுகள் காட்டிவிட்டன.

பங்கு போய்ப் பொது வந்தது

நிறம் சமூகத்தைக் குறிக்குமானால் எங்கள் நிறம் எங்கே என்று சீக்கியர்கள் கேட்டார்கள். கேட்டது நியாயம்தானே? கேட்டவர் எல்லோருக்கும் ஒரு பட்டை என்றால் கொடி கொடியாக இராது; பல வண்ணப் பாயாகிவிடும்.

1931 ஏப்ரலில் இதை ஆராய எழுவர் குழு ஒன்றைக் காங்கிரசுச் செயற்குழு அமைத்தது. வல்லபபாய் பட்டேல், மௌலானா அபுல்கலாம் ஆஸாத், மாஸ்டர் தாராசிங், ஜவாஹர்லால் நேரு, காகா காலேல்கர், டாக்டர் ஹர்டீகர், பட்டாபி சீதாராமய்யா ஆகியோர் உறுப்பினர். இக்குழு என்ன பரிந்துரைத்தது தெரியுமா? கொடி முழுவதும் ஒரே கேசரி நிறமாக இருக்கட்டும், அதில் இராட்டினம் மட்டும் இருக்கட்டும் என்பதே பரிந்துரை! மக்காவில் பிறந்து, திருமறைக்கு விரிவுரை எழுதிய மௌலானா ஆஸாத் அந்தக் குழுவில் ஒருவர். ஒரு நிறத்துக்கு மதச்சாயம் பூசிப் பார்க்காத உள்ளங்களால்தான் இப்படிச் சிந்திக்க முடிந்தது.

ஆயினும் அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாயில் கூடிய அனைத்திந்தியக் காங்கிரசுக் குழு இப்பரிந்துரையை ஏற்கவில்லை. மக்கள் பத்தாண்டுகளாகக் கையில் ஏந்திப் பழகிய மூவண்ணமே வேண்டும் என்று கருதி, மேலே கேசரி, நடுவே வெள்ளை, கீழே பச்சை, வெள்ளையில் நீல இராட்டினம் என்று தீர்மானித்தது. அதே தீர்மானத்தில், இந்நிறங்களுக்குச் சமூகப் பொருள் ஏதும் இல்லை என்றும் அறிவித்தது. கேசரி துணிவையும் தியாகத்தையும், வெள்ளை வாய்மையையும் அமைதியையும், பச்சை நம்பிக்கையையும் வீரப்பண்பையும் குறிக்கும் என்றது.

அன்பர்களே, இந்த இடத்தை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். காவி இவருக்கு, பச்சை அவருக்கு என்ற பாகப்பிரிவினை 1931-ஆம் ஆண்டிலேயே முடிந்துபோயிற்று. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் வகுப்பறையிலும் மேடையிலும் அந்தப் பழைய பத்திரத்தையே படித்துக்கொண்டிருக்கிறோம்.

கொடிக்காகச் சிந்திய குருதி

தீர்மானங்கள் ஒரு புறமிருக்க, கொடி மக்களின் உயிரோடு கலந்தது தெருவில்தான். 1923-இல் நாகபுரியில் கொடியேந்திச் செல்லத் தடை விதிக்கப்பட்டபோது, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தொண்டர்கள் அணியணியாகச் சென்று சிறை புகுந்தார்கள். அது கொடிப் போராட்டம் என்றே பெயர்பெற்றது. 1932 சனவரி 10 அன்று திருப்பூரில் கொடியேந்தி ஊர்வலம் சென்ற குமரன், காவலரின் தடியடியில் மண்டை பிளந்து வீழ்ந்தார்; கையிலிருந்த கொடியை விடவில்லை. மறுநாள் மருத்துவமனையில் உயிர் நீத்தார். அவருக்கு வயது 27. கொடி காத்த குமரன் என்று தமிழ்நாடு அவரைப் போற்றுகிறது. அவர் கதையைக் கேட்கும்போது நமக்கு மூத்தா களமும் நினைவுக்கு வருகிறது. சமயம் வேறு, காலம் வேறு, காரணம் வேறு. பற்றிய கையின் உறுதி ஒன்று.

அதே மாதம் 26-ஆம் நாள், ஆர்யா என்று அறியப்பட்ட பாஷ்யம் என்னும் இளைஞர் சென்னைக் கோட்டையின் உயர்ந்த கொடிமரத்தில் இருளோடு இருளாக ஏறி, ஆங்கிலேயர் கொடி பறந்த இடத்தில் மூவண்ணக் கொடியைப் பறக்கவிட்டார். 1944 ஏப்ரல் 14 அன்று மணிப்பூரின் மொய்ராங்கில் இந்திய தேசிய இராணுவத்தின் கொடியை ஏற்றியவர் கர்னல் ஷௌகத் அலி மாலிக். மலேயாவிலும் பர்மாவிலும் வாழ்ந்த தமிழர் பெருந்தொகையினராகச் சேர்ந்த படை அது.

ரமளானின் கடைசி வெள்ளி

1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் கொடித் தீர்மானத்தை நேரு முன்மொழிந்தார். இராட்டினத்தின் இடத்தில், சாரநாத் தூணிலுள்ள அசோகரின் சக்கரம் 24 ஆரங்களோடு அமைந்தது. டாக்டர் இராதாகிருஷ்ணன் பொருள் விளக்கினார்: காவி பற்றற்ற தன்மை, வெண்மை வாய்மையின் ஒளி, பசுமை மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவு, சக்கரம் அறத்தின் இயக்கம். எந்த மதத்தின் பெயரும் அந்த விளக்கத்தில் நிறத்தோடு ஒட்டவில்லை.

அன்று தீர்மானத்தை ஆதரித்துப் பேசியவர்களில் முஸ்லிம் லீக்கைச் சேர்ந்த சௌதரி கலீகுஸ்ஸமானும் ஸர் முகம்மது ஸாதுல்லாவும் இருந்தனர். கலீகுஸ்ஸமான் அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே பாகிஸ்தானுக்குச் சென்றுவிட்டார். அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். அஸ்ஸாமின் ஸாதுல்லா இங்கேயே தங்கி, அரசியல் சட்டத்தை வரைந்த குழுவில் உறுப்பினராகப் பணிபுரிந்தார். சபையினர் அனைவரும் எழுந்து நின்று கொடியை ஏற்றனர்.

ஆகஸ்டு 14 நள்ளிரவில் இந்தியப் பெண்களின் சார்பாக ஹன்ஸா மேத்தா அம்மையார் சபைக்குக் கொடியை வழங்கினார். அந்நாளில் கொடியை உருவாக்கும் பணியில் பத்ருத்தீன் தயப்ஜி என்னும் அதிகாரிக்கும் அவருடைய துணைவியார் சுரையா அம்மையாருக்கும் இருந்த பங்கை, அவர்களின் மகள் லைலா தயப்ஜி எழுதியிருக்கிறார்.

விடுதலை நாள் எந்தக் கிழமை? வெள்ளிக்கிழமை. ஹிஜ்ரி 1366-ஆம் ஆண்டு ரமளானின் கடைசி வெள்ளி. அடுத்த திங்கட்கிழமை பெருநாள். நோன்பு நோற்ற வாயோடு நம் பெற்றோரும் பாட்டன்மாரும் கொடியேறக் கண்ட நாள் அது. அன்று அதிகாலை சென்னைக் கோட்டையில் ஏற்றப்பட்ட பட்டுக்கொடி இன்றும் அழியாமல் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீளம் 12 அடி, அகலம் 8 அடி. 2013 குடியரசு நாளிலிருந்து பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். தாம்பரத்தில் மின்சார இரயில் ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள்.

மக்கள் மனத்தில் கொடி

சட்டத்தின் கொடி ஒன்று. மக்கள் மனத்தின் கொடி மற்றொன்று. நெடுங்காலம் பொதுமக்கள் தம் இல்லத்தில் விரும்பிய நாளில் கொடியேற்ற விதிகள் இடந்தரவில்லை. 2002 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த கொடி விதித்தொகுப்புதான் அந்தக் கதவைத் திறந்தது. கண்ணியத்தோடு கொடியேற்றுவது குடிமகனின் உரிமை என்று 2004-இல் உச்சநீதிமன்றமும் கூறியது. மாநில முதலமைச்சர்கள் சுதந்திர நாளில் கோட்டையில் கொடியேற்றும் உரிமையைக் கலைஞர் கருணாநிதி கேட்டுப் பெற்றது 1974-இல். 2021 இறுதியில் பாலியெஸ்டர் துணிக்கும் இசைவு கிடைத்தது. 2022 ஆகஸ்டில், விடுதலையின் 75 ஆண்டு நிறைவையொட்டி, இல்லந்தோறும் கொடி என்று அரசு அழைத்தபோது, தாம்பரத்தின் மாடிகளில் கொடி பறக்காத வீட்டைத் தேடவேண்டியதாயிற்று.

ஆனால் எந்த விதியும் தீர்மானமும் தொடாத இடம் ஒன்று உண்டு. அது படங்கள் ஆளும் இடம். நாட்காட்டியிலும் பாடநூல் அட்டையிலும் மூன்று பிள்ளைகள் கைகோத்து நிற்கும் ஓவியத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நெற்றியில் திலகமிட்டவன் ஒருவன், கழுத்தில் சிலுவை அணிந்தவன் ஒருவன், தலையில் தொப்பி அணிந்தவன் ஒருவன். வரைந்தவரின் நோக்கம் நல்லது, ஒற்றுமையைத்தான் வரைந்தார். ஆனால் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது 1921-ஆம் ஆண்டுப் பங்கீட்டை.

திரைப்படம் இன்னும் ஆழமாகப் பாயும். நாம் படக்கொட்டகைக்குச் செல்லும் வழக்கம் உடையவரல்லர். ஆயினும் தொலைக்காட்சி அதை வீட்டுக்குள் கொண்டுவந்து விடுகிறதே! 1992-இல் மணிரத்னம் இயக்கத்தில் வெளிவந்த ரோஜா படத்தில், காஷ்மீரத் தீவிரவாதிகள் எரியூட்டிய கொடியின்மேல் கதாநாயகன் பாய்ந்து, தன் உடலால் தீயை அணைக்கிறான். நாடெங்கும் கைதட்டல் எழுந்த காட்சி அது. கொடியைக் காப்பவனுக்காக நாமும் மனம் உருகத்தான் செய்தோம். ஆனால் அதே காட்சியின் நடுவே, தீவிரவாதி தொழுது கொண்டிருப்பதையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். எரியும் கொடி ஒரு பக்கம், ஸஜ்தாவில் தாழும் நெற்றி மறுபக்கம். இவ்விரண்டையும் அருகருகே வைத்தால் பார்ப்பவர் மனம் என்ன முடிச்சுப் போடும்? அந்தக் காட்சியைக் குடும்பத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும் நம் வீட்டுப் பிள்ளை, நாயகனோடு சேர்ந்து அழுவதா, தொழுபவனைக் கண்டு கூசுவதா என்று தெரியாமல் தவிப்பான். ஐந்து வேளை தொழுதுகொண்டே இந்தக் கொடியின்கீழ் எல்லையில் நின்று உயிர் துறந்தவர்கள் உண்டு. 1965 போரில் வீழ்ந்து பரம்வீர் சக்கரம் பெற்ற அப்துல் ஹமீதை விட்டுவிட்டு நம் படைவரலாற்றை யாராலும் எழுத முடியாது.

பிறைக்கொடி பட்ட பாடு

தாம்பரத்துக்கு வடக்கே இரண்டாவது நிலையம் குரோம்பேட்டை. குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர்பெற்ற அவ்வூரில்தான் கண்ணியத்துக்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் ஸாஹிப் அவர்கள் வாழ்ந்தார்கள். 1948 மார்ச் 10 அன்று சென்னை இராஜாஜி மண்டபத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கை அவர்கள் தொடங்கியபோது, பிரிவினையின் புண் ஆறவில்லை. அந்நிலையில், இந்திய அரசியல் சட்டத்துக்கு உட்பட்டு, இந்நாட்டுக் குடிமக்களாக நின்று உரிமை கேட்போம் என்று சொல்ல எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! அரசியல் நிர்ணய சபையில் தமிழே ஆட்சிமொழியாகத் தகுதியுடையது என்று வாதிட்டவர்களும் அவர்களே.

அவ்வியக்கத்தின் கொடி பச்சைநிறம்; மூலையில் வெண்பிறையும் விண்மீனும். பாகிஸ்தானின் கொடியில் கம்பத்தை ஒட்டி நெடுக ஒரு வெள்ளைப் பட்டை உண்டு. லீக் கொடியில் அது இல்லை. கண்ணுள்ளவர்க்கு வேறுபாடு தெரியும். ஆயினும் 2019 மக்களவைத் தேர்தலின்போது வயநாட்டு ஊர்வலத்தில் பறந்த லீக் கொடிகளைக் காட்டி, இது இந்தியாவா பாகிஸ்தானா என்று கேட்டவர்கள் உண்டு. உரூஸ் கொடியும் மீலாது ஊர்வலக் கொடியும்கூட இந்த ஐயத்துக்குத் தப்புவதில்லை. நாகூரில் கந்தூரிக் கொடியேறும் மினாராக்களில் 131 அடி உயரமான பெரிய மினாராவைக் கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் என்பதை இவர்கள் அறிந்தால் என்ன சொல்வார்களோ!

பாரதியார் தம் மணிக்கொடியில் வைத்த பிறை அது. காமா அம்மையார் அயல்நாட்டு மண்டபத்தில் விரித்த பிறை அது. அடையாற்று அம்மையார் உதகையில் பறக்கவிட்ட பிறை அது. அந்தப் பிறையைக் கண்டு அஞ்சுகிறவர் தம் நாட்டு விடுதலை வரலாற்றையே கண்டு அஞ்சுகிறார்.

வணக்கமா, மரியாதையா?

நம்மவரிடையே எழும் ஓர் ஐயத்தையும் இங்கே பேசிவிடுவோம். "கொடி வணக்கம்" என்ற சொல் சிலருக்கு உறுத்துகிறது. தமிழ் முஸ்லிம்களின் பேச்சில் வணக்கம் என்பது இபாதத்தைக் குறிக்கும்; அது படைத்தவனுக்கே உரியது. பொதுத்தமிழிலோ வணக்கம் என்பது ஒருவரை ஒருவர் கண்டால் சொல்லும் முகமனும் ஆகும். ஒரு சொல்லுக்கு இரு வழக்கு இருப்பதால் வந்த குழப்பம் இது. கொடியேறும்போது நிமிர்ந்து நிற்பது தஃழீம் எனப்படும் மரியாதை. அங்கே ருகூவும் இல்லை, ஸஜ்தாவும் இல்லை, வேண்டுதலும் இல்லை. துணியை எவரும் கடவுளாக்கவில்லை. அத்துணி குறிக்கும் உடன்படிக்கையை மதிக்கிறோம். உடன்படிக்கைகளை நிறைவேற்றுங்கள் என்பது திருமறையின் கட்டளையல்லவா?

மரியாதை என்பது மறுநாளும் தொடர வேண்டும். ஆகஸ்டு 16 அன்று காலையில் தெருவில் காகிதக் கொடிகள் மிதிபட்டுக் கிடக்கும். பாதையில் கிடப்பதை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாகக் கற்ற பிள்ளைகள் அவற்றை எடுத்துச் சேர்க்கட்டும். கூச்சலிட்டுக் கொடியசைப்பதைக் காட்டிலும் அது பெரிய தேசபக்தி.

முடிவாக

பச்சை வரிசையில் நின்ற சிறுவனை மறுநாள் மாலை, கடைவீதியில் கொடி தைக்கும் நம் தையற்காரர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் வரலாறு படித்தவரல்லர். அளவு நாடாவைச் சிறுவன் கையில் கொடுத்து அளக்கச் சொன்னார். மூன்றடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள கொடி. பட்டை ஒவ்வொன்றும் எட்டு அங்குலம். "மூணும் ஒரே அளவு தம்பி. ஒண்ணு கூடினாலும் குறைஞ்சாலும் கொடி கெட்டுப்போச்சு" என்றார். பிறகு வெட்டி வைத்திருந்த பட்டைகளைக் காட்டினார். வெள்ளைப் பட்டையை மேலும் கீழும் சற்றே கூடுதலாக வெட்டியிருந்தார். ஏன் என்று கேட்டான் சிறுவன். "ரெண்டு பக்கமும் தையல் பிடிக்கணுமில்ல? ஒண்ணோட ஓரம் இன்னொண்ணுக்குள்ள மடங்கினாத்தான் காத்துல கிழியாது" என்றார்.

சிறுவன் பச்சைத் துண்டை மட்டும் தனியே தூக்கிப் பிடித்து, "பாய், இது கொடியா?" என்று கேட்டான். "அது வெறும் துணிதான், தம்பி" என்றார் அவர்.

அவ்வாண்டு சுதந்திர நாளன்று அவன் பச்சை வரிசையில்தான் நின்றான். நிறுத்தப்பட்ட இடத்தை அவனால் மாற்ற முடியவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் தன் தங்கையிடம், "மூணுமே நம்மளுதுதான்" என்று சொன்னதாக அவன் தாயார் நம்மிடம் கூறினார்கள்.

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே! அடுத்த ஆகஸ்டில் எந்தப் பிள்ளையை எந்த வரிசையில் நிறுத்தினாலும் பெயரைப் பார்த்து நிறுத்தாதீர்கள். அப்துல்லாஹ் காவியில் நிற்கட்டும், ஆறுமுகம் பச்சையில் நிற்கட்டும், அந்தோணி இருவருக்கும் நடுவே சக்கரத்தைப் பிடித்து நிற்கட்டும். 1931-இல் பெரியோர்கள் எடுத்த முடிவு அப்போதுதான் நம் முற்றத்துக்கு வந்து சேரும். ஓரம் ஓரத்துக்குள் மடங்கி நின்று காற்றில் கிழியாத சமுதாயமாக நம் நாட்டு மக்கள் அனைவரையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.